கும்பகோணம் கல்யாணத்துக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆவணி வளர்பிறை முகூர்த்தத்தில் கும்பகோணத்தில் எங்கள் திருமணம் நல்லபடியாக நிறைவேறியது. முகூர்த்தத்தை நடத்திக் கொடுத்தவர்களுக்கும், அதற்கு முன்னும் பின்னுமாக மூன்று நாள் வெளியூர் விருந்தாளிகளைக் கோயில் கோயிலாக அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கும் இந்த நன்றி மடல். வரும் ஞாயிறு வரை ஊரில் இருக்கப் போகிறவர்களும், மறுவீட்டுக்கு வரப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் பயன்படட்டும் என்று, யார் என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, ரயில் டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவுக்கு. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். முகூர்த்த மாதத்தில் அன்று காலையே படுக்கை வசதி தீர்ந்துவிடும். ஆளுக்கு ஆள் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சென்னையிலிருந்து வருகிறவர்கள் சிதம்பரம், மயிலாடுதுறை வழியாக வரும் மெயின் லைன் வண்டியில் ஏற வேண்டும். விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகும் கார்டு லைன் வண்டிகள் கும்பகோணத்தைத் தொடுவதே இல்லை. அப்படி ஏறிவிட்டால் திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் வழியாகத் திரும்பி வர வேண்டும். தஞ்சாவூரிலிருந்து இங்கே 40 கிலோமீட்டர். பஸ் அடிக்கடி உண்டு.

சமையல் மாஸ்டருக்கும் அவர் ஆட்களுக்கும் எங்கள் கைகூப்பு. முதல் நாள் ராத்திரி டிபனுக்கு, இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் போட்ட கடப்பாவின் பக்குவத்தைப் பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். மாஸ்டர் சொன்ன வீட்டு அளவு இது, நான்கு பேருக்கு: பாசிப்பருப்பு 100 கிராம் குழைய வேக வேண்டும். இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் உடைத்துக்கொள்ள வேண்டும், மசிக்கக் கூடாது. தேங்காய் கால் மூடி, பச்சை மிளகாய் ஐந்தாறு, பொட்டுக்கடலை ஒரு மேஜைக்கரண்டி, சோம்பும் கசகசாவும் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு நாலு பல்; இவற்றை நைஸாக அரைக்கவும். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயம் வதக்கி, பருப்பும் கிழங்கும் சேர்த்துக் கொதி வந்த பிறகே அரைத்ததை விட வேண்டும். அதற்கப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அடுப்பில் இருந்தால் தேங்காய் திரிந்து எண்ணெய் கக்கும். மிளகாய்த் தூள் கிடையாது. எலுமிச்சை இறக்கிய பிறகுதான். ஆற ஆறப் பொட்டுக்கடலை இறுகிக்கொள்ளும் என்பதால், பந்தியில் பக்கத்திலேயே வெந்நீர் வைத்துத் தளர்த்திக்கொண்டே இருந்தார்கள். துபாய், சிங்கப்பூர் போகிறவர்கள் கசகசாவை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். அதற்குப் பதில் நாலு முந்திரி போட்டு அரைத்தால் போதும்.

டிகிரி காபிக்கு நின்ற பையன்களையும் மறக்க முடியாது. தண்ணீர் கலக்காத பாலை ஒரு தடவை மட்டும் பொங்கவிட்டு, முதல் டிகாக்ஷனில் கலந்து கொடுத்தார்கள். ஆறின பாலை மறுபடி மறுபடிச் சுடவைத்தால் அந்த வாசனை போய்விடும் என்று, ஒவ்வொரு முறையும் ஐந்தைந்து லிட்டராகத்தான் காய்ச்சினார்கள்.

தாம்பூலப் பை போட்ட அத்தைமார்களே, வெற்றிலை கடைசி விருந்தாளி வரை வாடவில்லை. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலை மெல்லியது; பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து ஓரம் கறுத்துவிடும். அதனால்தான் கவுளியை, அதாவது வெற்றிலைக் கட்டைப் பிரிக்காமல் ஈரத்துணியில் சுற்றி, வாழைச் சருகு போட்ட கூடையில் வைத்திருந்தார்கள். வெளிநாடு திரும்புகிறவர்கள் வெற்றிலையையும் தேங்காயையும் இங்கேயே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போவது நல்லது. பல நாடுகளில் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

மங்கல இசைக் குழுவினருக்கு நாங்கள் எத்தனை சொன்னாலும் தகும். கெட்டிமேளத்துக்குச் சைகை காட்டும் பொறுப்பை ஒரே ஒரு பெரியப்பாவிடம் ஒப்படைத்து, அவரைத் தவில்காரர் கண்ணுக்கு நேராக நிறுத்தியது அவர்கள் யோசனைதான். நாலு பேர் கையை ஆட்டினால், புகைப்படக்காரர் மறைத்துக்கொண்டால், தாலி ஏறுமுன்பே மேளம் முழங்கிவிடும். மறுநாள் குழந்தைகளை நரசிங்கம்பேட்டைக்கு அழைத்துப் போய் நாதஸ்வரம் உருவாவதைக் காட்டியவர்களும் அவர்களே. ஆடுதுறைக்குப் பக்கத்து ஊர் அது. 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில்தான் கடைவார்கள், அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண்களில். பல வருஷம் உலர்ந்த மரமாக இருந்தால்தான் பிறகு வளையாது, வெடிக்காது, சுருதி நிற்கும். திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் பெயர் வாங்கித் தந்த பாரி நாயனத்தை, அதாவது நீளமான, சுருதி தாழ்ந்த நாதஸ்வரத்தைச் செய்தவர் அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரிதான். நேரம் இருப்பவர்கள் கட்டாயம் போய்வாருங்கள். பட்டறையில் வேலை நடக்கும் காலை வேளையில் போவது உத்தமம்.

இனி, ஊர் சுற்றிக் காட்டிய மாமாவுக்கும் மூன்று வேன் ஓட்டுநர்களுக்கும். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் மதியம் 12 மணிக்கு நடை சாத்தி, சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறக்கும். இந்த ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் காலை டிபனுக்குப் பிறகு நிதானமாகக் கிளம்பினால், பாதி நாள் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். மாமா எல்லோரையும் காலை ஆறு மணிக்கு வேனில் ஏற்றினார். கோயில் காலையில், கடையும் பட்டறையும் மதியத்தில், மறுபடி கோயில் சாயங்காலத்தில் என்று அவர் போட்ட ஒழுங்கை நீங்களும் அப்படியே பின்பற்றலாம்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் தாராசுரம் போங்கள் என்போம். ஊரிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில். 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தஞ்சைப் பெரிய கோயிலைத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். இதைக் குனிந்து பார்க்க வேண்டும். குதிரையும் சக்கரமுமாகத் தேர் போல நிற்கும் மண்டபத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு பலர் திரும்பிவிடுகிறார்கள். கருவறையைச் சுற்றி அடிப்பகுதியில் சாண் உயரம்கூட இல்லாத சின்னச் சின்னப் பலகைகளில் அறுபத்து மூவர் கதை ஓடுகிறது. அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பத்தைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். ஒரு பாதியைக் கையால் மறைத்தால் புரிந்துவிடும். இசைப்படிகளைக் கம்பிவேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். பலரும் தட்டித் தட்டிக் கல் தேய்ந்ததே காரணம், தயவுசெய்து தட்ட முயலாதீர்கள். பத்து மணிக்கு மேல் தரைக்கல் சுட ஆரம்பிக்கும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு ஜோடிப் பருத்திக் காலுறை கொண்டுபோகலாம்.

அங்கிருந்து சுவாமிமலை. தமிழ் வருஷங்களின் பெயரில் 60 படி. தரிசனம் முடித்து இறங்கினால் சிற்பப் பட்டறைகள். தன் பட்டறையைத் திறந்து வைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன ஸ்தபதி ஐயாவுக்கு மிக்க நன்றி. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாக ஏற்றி, காய்ந்ததும் இன்னும் தடித்த பூச்சு, பிறகு கம்பிக்கட்டு. சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். மண்ணில் துளி ஈரம் தங்கினாலும் அச்சு வெடிக்கும், அதனால் வார்ப்பு நேரத்தில் அவர் சொன்ன இடத்தைத் தாண்டி நிற்கக் கூடாது. சிலையை எடுக்க அச்சை உடைத்தே ஆக வேண்டும் என்பதால் ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. வெளிநாட்டுக்கு வாங்கிப் போகிறவர்கள் பில்லோடு, இது பழம்பொருள் அல்ல என்ற தொல்லியல் துறைச் சான்றையும் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு நாளாகும், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வாங்க நினைப்பவர்களுக்கு, அத்தை கடையில் செய்து காட்டியதைச் சொல்கிறோம். பீடம், தண்டு, தட்டு, உச்சி அன்னம் எல்லாவற்றையும் கழற்றி, மறுபடி திருகிப் பாருங்கள். திருகு மறை தளர்ந்திருந்தால் விளக்கு சாயும், எண்ணெய் வழியும். விலை எடையைப் பொறுத்தது, ஆகவே கண் முன்னால் நிறுக்கச் சொல்லலாம். திருபுவனம் பட்டுக்கு, கூறைப்புடவை எடுத்துத் தந்த சித்தியைத்தான் கேட்க வேண்டும். விசிறி மடிப்பில் வரும் புடவையை முழுக்கப் பிரித்து, வெளிச்சத்தில் பார்த்து, பட்டு முத்திரை இருக்கிறதா என்று கவனித்துத்தான் அவர் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். திருநாகேஸ்வரத்தில் அன்று ராகு காலமான 4.30 முதல் 6 வரை பாலாபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும். அபிஷேகமே வேண்டும் என்றால் மூன்று மணிக்கே போய்விடுங்கள். உப்பில்லாத நிவேதனத்துக்குப் பேர் போன உப்பிலியப்பன் கோயில் பக்கத்திலேயே என்பதால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் ஒரே நாளில் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. முடியும்தான், ஆனால் வரிசையும் ரோடும் மட்டுமே மனசில் நிற்கும். சூரியனார் கோவில், கஞ்சனூர் என்று இரண்டு மூன்று போதும்.

ஊருக்குள் ராமசாமி கோயிலையும் மகாமகக் குளத்தையும் நடந்தே பார்க்கலாம். கோயிலில் வீணை ஏந்திய அனுமனையும், பிராகாரச் சுவரில் ராமாயண ஓவியங்களையும் பாருங்கள். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்கு அறை வேண்டும் என்பவர்கள் மாமாவிடம் இப்போதே சொல்லிவைக்கலாம்.

பூக்கட்டிய அக்காக்கள், பந்தி இலை எடுத்தவர்கள், ராத்திரி முழுக்க மண்டப வாசலில் காவல் இருந்தவர், எல்லோருக்கும் எங்கள் நமஸ்காரம்.

மண்டபத்தில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ், இரண்டு குடைகள், ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசு கிடைத்திருக்கின்றன. பெரிய அத்தையிடம் இருக்கிறது. ஞாயிறு காலை வேன் கிளம்புவதற்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
மணமக்கள்