அரை தம்ளர் தண்ணீர்

திருவட்டாறு,
ஆனி 20, வெள்ளி.

அன்புள்ள ஸ்டெல்லா,

நலம். நீ, அண்ணன், பையன் எல்லாரும் சுகந்தானே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். இந்தப் பன்னிரண்டு நாளில் ஒன்பது முறை அழைத்திருக்கிறாய், நான் எடுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்டால் சிரிப்பு வரும், சிரித்தால் தையல் பிடித்து இழுக்கும். முந்தாநாள் போனில் உன் பெயரைப் பார்த்ததற்கே அந்தத் தொலையாவட்டம் பஸ் கண்டக்டர் நினைவுக்கு வந்துவிட்டார். தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தேன். இன்னும் ஒரு மாதத்துக்கு உனக்குக் கடிதம்தான். பதிலில் நகைச்சுவை எதையும் சேர்க்காதே.

பெண் குழந்தை. திங்கட்கிழமை காலை 9.52. இரண்டு கிலோ தொள்ளாயிரம். தலை நிறைய முடி. மூக்கு அவர்கள் வீட்டு மூக்கு என்று மாமி, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டார்கள்.

கடைசி வரை தலை மேலே, பிட்டம் கீழே என்று குந்தியே இருந்தாள். திரும்புவாள், திரும்புவாள் என்று பார்த்தோம். 38ஆம் வாரம் டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவள் அசைய மாட்டாள், 39 முடிந்ததும் எடுத்துவிடலாம்" என்றார். நாளை டாக்டர் குறித்தார், நேரத்தை மாமி குறித்தார்கள். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம், பத்தரைக்கு எமகண்டம் பிறந்துவிடும். "நடுவில் ஒன்றரை மணி நேரம் கிடக்கிறதே, போதாதா?" என்று டாக்டரிடமே கேட்டார்கள். அவர் சிரிக்காமல், "தாராளம்" என்றார். இந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் எனக்குப் பிடித்தவர்.

அறுவை எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகைக் கூன வைத்து ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே யாருடைய கால்களோ கிடப்பது போல ஆயிற்று. வலி இல்லை, ஆனால் இழுப்பது தெரிகிறது. பெட்டியில் மேலே இருக்கும் சேலைகளைக் கலைக்காமல் அடியில் கிடக்கும் ஒன்றை உருவுவோமே, அப்படி. பிறகு அழுகை கேட்டது. அதைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் ஆயுசுக்கும் கேலி செய்வாய்.

உன்னிடம் ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. உன் பையன் பிறந்தபோது பார்க்க வந்து, மட்டிப் பழச் சீப்பைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "உனக்கென்ன, நோகாமல் பெற்றுவிட்டாய்" என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. ஒரு பழத்தை உரித்து என் கையில் கொடுத்தாய். அந்தச் சீப்பை அப்படியே என் தலையில் போட்டிருக்கலாம்.

இப்போது கட்டிலை விட்டு எழுவதே ஒரு தொழிலாகிவிட்டது. முழங்காலை மடக்க வேண்டும். மரத்தடி உருள்வது போல உடம்பு மொத்தமும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். அதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்து மறுபடியும் தொடங்கிவிடுவாள். எங்கள் ஆதிகேசவப் பெருமாள் மூன்று வாசல் நீளத்துக்குப் படுத்தே கிடப்பதன் அருமை இப்போதுதான் புரிகிறது. அரை அடிகூட இல்லாத தையல், அதைச் சுற்றித் தொட்டால் மரத்துக் கிடக்கிறது. உணர்ச்சி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர்.

காலையில் மருந்து உருண்டை. சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய், இன்னும் அம்மா பெயர் சொல்ல மறுக்கும் ஏழெட்டுச் சரக்கு. பால் ஊற பால்சுறா புட்டு வேண்டும் என்று ஆச்சி ஒற்றைக் காலில் நிற்கிறாள். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, சுறாவுக்கு எங்கே போவது? வள்ளத்துச் சாளையும் நெத்திலியும் வருகின்றன, அதுவும் பொன் விலைக்கு.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன் ஸ்டெல்லா. எனக்குத் தண்ணீர் தர மாட்டேன் என்கிறார்கள்.

நீ இந்த வீட்டைப் பார்த்திருக்கிறாய். சாரல் பிடித்து இருபது நாளாகிறது. ரப்பர் வெட்டு நின்றுபோய் அப்பா வராந்தாவில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஓட்டு நுனியெல்லாம் தண்ணீர், முற்றமெல்லாம் தண்ணீர், கிணறோ குனிந்து கையால் கோரிவிடலாம் போல நிறைந்து கிடக்கிறது. நடுவில் நான் நாக்கு அண்ணத்தில் ஒட்டக் கிடக்கிறேன். காலையில் அரை தம்ளர், மத்தியானம் அரை, இரவு அரை. அதுவும் சுக்கும் சீரகமும் போட்டுக் காய்ச்சி வற்றியது. பச்சைத் தண்ணீர் என்ற பேச்சே கூடாது. "வயிற்றைக் கீறியிருக்கிறது மக்களே, தண்ணீர் இறங்கினால் புண் சீழ் வைக்கும், வயிறு பானையாகிவிடும்." இது ஆச்சியின் சட்டம்.

ஆசுபத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர், நாளொன்றுக்கு இரண்டரை லிட்டராவது குடிக்க வேண்டும் என்று அம்மாவைப் பார்த்தே சொன்னார். அம்மா பவ்வியமாகத் தலையாட்டினாள். படி இறங்கியதும், "அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்" என்றாள். பிள்ளை வாய் வைத்த மறுகணம் தொண்டை வறண்டுபோகிறது, உனக்கும் அப்படி இருந்ததா? நெஞ்சிலிருந்து அவள் உறிஞ்சுவது என் நாக்கில் இருக்கும் ஈரத்தைத்தானோ என்று தோன்றும். மலச்சிக்கலைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம், எழுத மாட்டேன்.

மயினிதான் கடத்தலில் இறங்கினாள். பிள்ளைத் துணி வாளிக்குள் ஒரு பாட்டில், மேலே நாலு துணி. நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் ஆச்சி குறுக்கே வந்து வாளியை வாங்கிக்கொண்டு, "என்ன பிள்ளே, துணி இவ்வளவு கனக்கிறது?" என்றாள். மயினி முழித்த முழி இருக்கிறதே! சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நான் தலையணையைத் தேடினேன்.

அடுத்த நாளே சிறுநீர் போகும்போது நெருப்பாக எரிந்தது. இரவில் குளிர்காய்ச்சல். விடிந்ததும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தையல் சுத்தமாக ஆறுகிறது, தொற்று சிறுநீரில்தான் என்றார் டாக்டர். "தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய்?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். அன்றோடு அம்மா கட்சி மாறிவிட்டாள். ஆச்சி மாறவில்லை. காய்ச்சல் வந்ததே அந்தத் திருட்டுத் தண்ணீரால்தான் என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "தண்ணீர் தராமல் என்னைக் கொல்லப் பார்க்கிறாயா?" என்று கத்திவிட்டேன். ஆச்சி பதில் சொல்லவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்தவள் சாப்பிடவும் வரவில்லை.

இரவு இரண்டு மணி இருக்கும். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம், 1956. ஆச்சிக்குப் பதினான்கு வயது. அக்காவுக்குத் தலைப்பிள்ளை. வீட்டில்தான், மருத்துவச்சியை வைத்து. ஆண் பிள்ளை, நல்லபடியாகப் பிறந்தது. பெண்கள் எல்லாரும் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனார்கள். அக்காவுக்கு விசிறச் சொல்லி இவளை உட்கார வைத்தார்கள். அக்கா தண்ணீர் கேட்டாள். பேறு முடிந்தவளுக்குத் தண்ணீர் கூடாது என்று இவளுக்கும் தெரியும், கொடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அந்தக் கை கிணற்றுக் கல் போலக் குளிர்ந்திருந்ததாம். இவள் அடுக்களைக்கு ஓடி ஒரு செம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றாள். இரண்டாவது செம்போடு திரும்பி வரும்போது கண் சொருகிக் கிடந்தாள்.

பாய்க்கு அருகில் கிடந்த செம்பைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அடிக்கவில்லை. "சின்னப் பிள்ளை, அறியாமல் கொடுத்துவிட்டாள்" என்றார்களாம்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "பாய் நனைந்திருந்ததா ஆச்சி?"

"பாயா? பாயைத் தாண்டித் தரையெல்லாம் ஓடிக் கிடந்தது. பழந்துணி போட்டுப் போட்டு மாளவில்லை."

ஸ்டெல்லா, உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். நஞ்சுக்கொடி விழுந்ததும் கருப்பை முஷ்டி மடக்குவது போல இறுக வேண்டும். இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது. ரத்தம் போகப் போக நாக்கு வறளும், கைகால் குளிரும். அந்தச் செம்பை அவள் தொடுவதற்கு முன்பே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பிள்ளையை எடுத்த கையோடு ஏற்றிய மருந்தின் பெயரை நர்ஸிடம் கேட்டுவைத்திருந்தேன். ஆக்ஸிடோசின். நம் வாத்தியார் கால்சியம் சார், "ஒன்பது அமினோ அமிலம், விரல்விட்டு எண்ணுங்கள்" என்பாரே, அதேதான். அதை முதன்முதலில் ஆய்வகத்தில் உண்டாக்கியவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1955இல் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறோம். அக்கா போனது அதற்கு அடுத்த வருஷம்.

ஆச்சியிடம் கையை விரித்து, மடக்கிக் காட்டிச் சொன்னேன். அவளும் தன் கையை மடக்கிப் பார்த்தாள். "அப்படியானால் நான் கொடுத்ததால் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கொடுக்காமல் இருந்திருந்தாலும் போயிருப்பாளா?" என்றாள். போயிருப்பாள் என்றேன். "ஒரு வாய் அதிகமாகக் கொடுத்திருந்தாலும்?" அதற்கும் சொன்னேன். அறுபத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியின் வாசலிலும் அவள் எதற்குக் காவல் இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மாவுக்கும் இதே அரை தம்ளர்தானாம்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "அந்த ரத்தத்தை யாராவது நிறுத்தியிருக்கலாமா மக்களே?"

நெய்யூரில் ஆசுபத்திரி 1838இலேயே தொடங்கிவிட்டது. இங்கிருந்து பஸ்ஸில் போனால் இன்றைக்கு ஒரு மணி நேரம். அன்றைக்கு மாட்டுவண்டி கட்டிப் புறப்பட்டிருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார்களா, வழியிலேயே முடிந்திருக்குமா, யாருக்குத் தெரியும்? ஆனால் வண்டி கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ரத்தத்தைப் பார்த்தவர்கள் துணியை மாற்றினார்கள், செம்பைப் பார்த்துத்தான் அலறினார்கள்.

நான் சொன்னேன்: "முடியாது ஆச்சி. அந்தக் காலத்தில் அதற்கு மருந்தே கிடையாது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை அழுத்தி இழுத்தாள், அடிவயிறு சுருண்டு வலித்தது. பால் கொடுக்கும்போது வருமே அந்த வலி. அதே ஆக்ஸிடோசின்தான் எனக்குள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

சொன்னது சரியா? எட்டு வருஷம் வேதியியல் நடத்துகிறவள், தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு பாரத்தை இறக்கிய கையோடு இன்னொன்றை ஏற்ற மனம் வரவில்லை. தன் அம்மாவும் பெரியம்மாவும் சும்மா நின்றார்கள் என்று எண்பத்து மூன்று வயதில் அவள் நினைத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? ஆனால் ஆச்சி மக்கு இல்லை. அவள் பார்த்த பார்வையில் அவளுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். என் பொய்களை எப்போதும் கண்டுபிடிக்கிறவள் நீதான், நீயே சொல்.

மறுநாள் காலையிலும் அதே அரை தம்ளர் சுக்குத் தண்ணீர்தான் வந்தது. நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் வேண்டுமா?" என்றாள். வேண்டும் என்றேன். தம்ளரை வாங்கிக்கொண்டு நின்றாள். அடுக்களைப் பக்கம் இரண்டடி போனாள், திரும்பினாள். கடைசியில் மயினியைக் கூப்பிட்டு, "நீ கொடு" என்று தம்ளரை அவள் கையில் திணித்துவிட்டு முற்றத்துக்கு இறங்கிப் போய்விட்டாள். வெளியே நல்ல மழை, குடைகூட எடுக்கவில்லை.

இவர் சனிக்கிழமைதோறும் வருகிறார். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும் என்று ஒரே பரபரப்பு. பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் கேட்பதில்லை, தினமும் மூன்று பெயர் அனுப்புகிறார். மூன்றும் வாயில் நுழையவில்லை. ஆச்சியின் அக்கா பெயர் என்ன என்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன், இன்னும் கேட்கவில்லை.

ஓணத்துக்கு ஊருக்கு வருவாய் அல்லவா? ஓசூரிலிருந்து ஒன்றும் வாங்கி வராதே, அந்தக் கண்டக்டர் கதையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா. பிள்ளை முனகத் தொடங்கிவிட்டாள். நான் இப்போதே உருளத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும்.

அன்புடன்,
சுபா