புது டிவி வாங்கிய மகனுக்கு

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுவது. புது டிவி வாங்கியதில் ரொம்ப சந்தோஷம். போனில் இருப்பதை டிவியில் பார்க்க முடியவில்லை என்று நீ புலம்பியபோதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பவனை அதே போனின் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடச் சொன்னால் இரண்டு பேருக்கும் பொறுமை போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். டிவி முன்னால் உட்கார்ந்து, ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உன் புகார் மூன்று. படம் திக்கித் திக்கி வருகிறது. சில படங்களில் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்கிறது. சில சமயம் டிவியின் பெயரே போனில் தெரிவதில்லை. டிவியை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரோடு சண்டை போடப் போவதாகவும் சொன்னாய். போகாதே. நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் டிவியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை.

ஒயர் இல்லாமல் போனிலிருந்து டிவிக்குப் படம் போக இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் முற்றிலும் வேறு வேலை. ஒன்று ஸ்கிரீன் மிரரிங். உன் போன் திரையில் என்னென்ன தெரிகிறதோ, அதை அப்படியே நொடிக்கு நொடி வீடியோவாகச் சுருக்கி வைஃபை வழியாக டிவிக்கு அனுப்புவது. இன்னொன்று காஸ்ட். அதில் போன் படத்தை அனுப்புவதே இல்லை. ‘இந்த வீடியோ இந்த இடத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்’ என்று டிவிக்குத் தகவல் மட்டும் சொல்லும். டிவி தானே இன்டர்நெட்டில் போய் எடுத்துக்கொள்ளும். ஒரு பாட்டை நீயே பாடிக் காட்டுவதற்கும், ‘இந்தப் பாட்டைப் போடு’ என்று சொல்லிவிட்டு உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நீயே பாடினால் உனக்கு மூச்சு வாங்கும்போது பாட்டும் நிற்கும்.

நீ இதுவரை எல்லாவற்றுக்கும் மிரரிங்தான் போட்டிருக்கிறாய். மேலிருந்து இழுத்ததும் கண்ணில் படுவது அந்தப் பட்டன்தான், உன்னைக் குறை சொல்ல முடியாது. அதற்கு ஒரே பெயராவது வைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. சாம்சங்கில் ஸ்மார்ட் வியூ. மற்ற போன்களில் வயர்லெஸ் டிஸ்ப்ளே, ஸ்கிரீன் காஸ்ட், வெறும் காஸ்ட் என்று ஆளுக்கொன்று. டிவி பக்கம் போனால் ஸ்கிரீன் ஷேர் என்று இருக்கும். பெயரைப் பார்க்காதே, என்ன செய்கிறது என்று பார். போனின் முகப்புத் திரையே டிவியில் தெரிந்தால் அது மிரரிங். டிவியில் வீடியோ ஓடிக்கொண்டிருக்க, போனில் நிறுத்து, ஓட்டு, சத்தம் கூட்டு என்ற பட்டன்கள் மட்டும் இருந்தால் அது காஸ்ட்.

ஆண்ட்ராய்டு போன்களில் மிரரிங்குக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது மிராகாஸ்ட். வைஃபைக்கு விதிமுறை வகுக்கும் வைஃபை அலையன்ஸ் என்ற அமைப்பு 2012-இல் கொண்டுவந்தது. போனும் டிவியும் நடுவில் ரவுட்டர் இல்லாமல் நேராகக் கைகோத்துக்கொள்ளும், அதற்கு வைஃபை டைரக்ட் என்று பெயர். அதனால் இன்டர்நெட்டே இல்லாத இடத்திலும் போனில் சேமித்து வைத்த வீடியோவைப் பெரிய திரையில் பார்க்கலாம். இது அதன் பெரிய வசதி. ஆனால் வேலை முழுக்கப் போன் தலையில். திரையைப் படம் பிடிக்க வேண்டும், சுருக்க வேண்டும், அனுப்ப வேண்டும். நீ பார்ப்பது இன்டர்நெட் வீடியோ என்றால் அதே வைஃபை வழியாக அதை வாங்கவும் வேண்டும். போன் சூடாகிறது, பேட்டரி இறங்குகிறது என்றாயே, காரணம் இதுதான். படம் திக்குவதும் பெரும்பாலும் இதனால்தான்.

திக்குவதற்கு இன்னொரு காரணம் அலைவரிசை. உன் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் தெரியும் என்று நினைக்கிறேன். 2.4-இல் எப்போதும் கூட்டம். பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், ஓடும்போது மைக்ரோவேவ் அடுப்பு, எல்லாம் அங்கேதான். அதற்குள் வைஃபை ஓடும் பாதைகளைச் சேனல் என்பார்கள், ஒன்றோடொன்று முட்டாதவை என்று பார்த்தால் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் தேறும். 5-இல் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டினால் சுருண்டுவிடும். டிவி இருக்கும் அறையிலேயே ரவுட்டரும் இருந்தால் டிவி, போன் இரண்டையும் 5-இல் போடு. நடுவில் இரண்டு சுவர் இருந்தால் 2.4-ஐயும் சோதித்துப் பார். டிவிக்கு மட்டுமாவது ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிள் (இன்டர்நெட் ஒயர்) இழுக்க முடியுமென்றால் இழுத்துவிடு. காஸ்ட் செய்யும்போது அதனால் நல்ல வித்தியாசம் தெரியும்.

சத்தம் வந்து படம் கறுப்பாக நிற்பது சிக்னல் பிரச்சினையே இல்லை. காசு கட்டிப் பார்க்கும் படங்களுக்கு நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டு ஒன்று உண்டு. திரையை யாரோ பதிவு செய்கிறார்களோ என்ற சந்தேகத்தில் ஆப் படத்தை மறைத்துவிடும். மிரரிங்கும் அதன் கண்ணுக்குத் திரையைப் படம் பிடிப்பது போலத்தான். உன் போனும் டிவியும் அந்தப் பூட்டுக்கு ஒத்துப்போனால் படம் வரும், இல்லாவிட்டால் கறுப்புதான். அதைச் சரிசெய்கிறேன் என்று கண்ட ஆப்பையும் இறக்காதே. டிவியிலேயே அந்த ஆப் இருந்தால் அதைத் திற. இல்லையென்றால் போனில் அந்த ஆப்புக்குள்ளேயே காஸ்ட் சின்னம் இருக்கிறதா பார். சின்னச் செவ்வகம், அதன் இடது கீழ் மூலையில் வைஃபை மாதிரி வளைகோடுகள். அதைத் தொட்டு டிவியைத் தேர்ந்தெடுத்தால் போதும். டிவி நேராக உரியவர்களிடமிருந்தே படத்தை வாங்குவதால் இந்தத் தகராறு வராது.

காஸ்ட் முறையைக் கூகுள் 2013-இல் குரோம்காஸ்ட் என்ற சின்னக் கருவியோடு கொண்டுவந்தது. 2024-இல் அந்தக் கருவியின் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த வசதி இப்போது பல டிவிகளுக்குள்ளேயே வருகிறது. உன் டிவி ஆண்ட்ராய்டு டிவியோ கூகுள் டிவியோ என்றால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். காஸ்ட் செய்துவிட்டால் நீ போன் திரையை அணைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம், யாரிடமாவது பேசலாம், படம் பாட்டுக்கு ஓடும். ஒரு சின்னத் தொல்லை உண்டு. அதே வைஃபையில் இருக்கும் உன் ரூம்மேட் ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் அவன் போனிலும் கன்ட்ரோல் வந்து நிற்கும். நீ மும்முரமாகப் பார்க்கும்போது அவன் உள்ளே இருந்துகொண்டே நிறுத்தி விளையாடலாம். செட்டிங்ஸில் அதை அணைக்க வழி இருக்கிறது.

அவனிடம் இருப்பது ஐபோன் என்று சொன்னதாக ஞாபகம். அப்படியானால் அவனை மிராகாஸ்டில் தேட விடாதே, ஐபோனில் அது கிடையாது. அவர்களுக்கு ஏர்பிளே. ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்தது, 2019 முதல் சாம்சங், எல்ஜி, சோனி டிவிகள் சிலவற்றில் உள்ளேயே வர ஆரம்பித்தது. டிவி செட்டிங்ஸில் ஏர்பிளே என்று இருக்கிறதா பார்த்துச் சொல். இல்லாவிட்டாலும் யூடியூப் மாதிரி ஆப்களில் அவனும் காஸ்ட் செய்யலாம்.

இனி மூன்றாவது புகார், டிவியின் பெயரே தெரியாதது. காஸ்ட்டுக்கும் ஏர்பிளேக்கும் போன், டிவி இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லோரும் ‘இருக்கிறதே’ என்பார்கள். நன்றாகப் பார். விருந்தாளிகளுக்கென்று ரவுட்டரில் ஒரு கெஸ்ட் வைஃபை இருக்கும். அதில் சேர்ந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பெரும்பாலும் மறைத்து வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் கொடுத்த வைஃபை என்றால் அதிலும் இந்த மறைப்பு இருக்கலாம். அலுவலக வேலைக்காகப் போனில் விபிஎன் (இணைப்பைத் தனி வழியாகத் திருப்பிவிடும் ஆப்) போட்டிருந்தாலும் டிவி கண்ணில் படாமல் போகலாம், அதை அணைத்துவிட்டுப் பார். ஐபோனில் 2020-க்குப் பிறகு ஒவ்வொரு ஆப்பும் உள்ளூர் நெட்வொர்க்கைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்கும். உன் ரூம்மேட் எதைக் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்று தட்டுகிற ஆள் என்றால் அங்கே போய் மாற்றச் சொல். எதுவும் சரிவரவில்லை என்றால் ரவுட்டர், டிவி, போன் மூன்றையும் அணைத்துப் போடு. டிவியை ரிமோட்டில் அணைத்தால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், பிளக்கையே பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போடு.

யூடியூப்புக்கு மட்டும் ஒரே வைஃபை கூட வேண்டாம். டிவியில் யூடியூபின் செட்டிங்ஸுக்குள் போனால் டிவி கோட் (TV code) என்று 12 இலக்க எண் வரும். போனில் உள்ள யூடியூபில் அதைப் போட்டால் மொபைல் டேட்டாவில் இருந்தபடியே டிவியில் வீடியோவை ஓட்டலாம்.

மிரரிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காஸ்ட் சின்னமே இல்லாத ஆப், ஏதாவது டாக்குமென்ட், ஒருவருக்கு ஒன்றைச் செய்து காட்டுவது, இதற்கெல்லாம் அதுதான் வழி. அப்போது போனைப் படுக்கவைத்துப் பிடி, ஆட்டோ ரொட்டேட்டையும் போட்டுக்கொள். நிமிர்த்திப் பிடித்தால் டிவி நடுவில் ஒல்லியாக ஒரு பட்டைதான் தெரியும். கேம் ஆட மட்டும் மிரரிங்கை நம்பாதே. விரல் பட்டதற்கும் டிவியில் நடப்பதற்கும் நடுவே தாமதம் இருந்தே தீரும். கேமுக்குக் கேபிள்தான். அதிலும் கேபிள் வாங்கும் முன்னால் உன் போனின் டைப்-சி துளை படத்தை வெளியே அனுப்புமா என்று பார்த்துக்கொள், பல போன்களில் அது சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான்.

மிரரிங் போடும் முன்னால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’பைத் தட்டிவிடு. போனில் வருவதெல்லாம் டிவியிலும் வரும். போன மாதம் பெரியம்மா வீட்டார் வந்திருந்தபோது அப்பா கல்யாணப் படங்களை மிரரிங் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா தட்டில் கைவைக்காமல் ஒவ்வொரு படத்துக்கும் ஆள் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து உன் சித்தப்பாவிடமிருந்து மெசேஜ்: ‘அவங்க கிளம்பிட்டாங்களா?’ திரை முழுக்க, கொட்டை எழுத்தில். அப்பா போனைத் திருப்பிக் கவிழ்த்தார், டிவி கவிழுமா? பெரியம்மாதான் முதலில் சிரித்தார், பிழைத்தோம். இதே இடத்தில் ஓடிபி வந்திருந்தால் சிரிப்போடு போயிருக்காது. கூகுள் போட்டோஸில் காஸ்ட் சின்னம் இருக்கிறது. அதில் போட்டால் நீ திறக்கும் படம் மட்டும்தான் டிவிக்குப் போகும். அப்பாவுக்கு இப்போது அதைத்தான் பழக்கியிருக்கிறேன்.

உன் டிவியின் பெயர் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் தெரியலாம். தெரியாமல் தட்டி அவர்கள் வீடியோ உன் ஹாலில் ஓடாமல் இருக்க, யார் புதிதாகச் சேர்ந்தாலும் டிவி உன்னிடம் அனுமதியோ எண்ணோ கேட்கும்படி வை. டிவிக்கு உன் பெயரை வைக்காதே, ‘ஹால் டிவி’ என்று ஏதாவது போதும். வீடு மாறி டிவியை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் அதில் உள்ள உன் கணக்குகளையெல்லாம் வெளியேற்றிவிட்டு, ரீசெட் செய்து கொடு.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எங்களை டிவியில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றாயே, அதற்கும் மிரரிங்தான். ஆனால் கேமரா போனில்தான் இருக்கும். நீ டிவியைப் பார்த்துப் பேசினால் எங்களுக்கு உன் காதுதான் தெரியும். போனை டிவிக்குக் கீழே, திரை நடுவுக்கு நேராக, சாய்த்து நிறுத்து. சில போன்களில் அழைப்பின் சத்தம் டிவிக்குப் போகாமல் போனிலேயே நிற்கும், பதறாதே. டிவியில் வந்தால் சத்தத்தைக் குறைத்து வை, இல்லாவிட்டால் நாங்கள் பேசுவது எங்களுக்கே திரும்பிக் கேட்கும். கூப்பிடும் முன்னால் போனைச் சார்ஜில் போட்டுக்கொள், அப்பா பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

அன்புடன்,
அம்மா