உன் வயலைத் தின்ற கிருமியும் என் சம்பளமும்

சிங்கப்பூர்

அன்புள்ள முத்து,

சம்பாவில் இலைக்கருகல் விழுந்து கால்வாசி பதராகிப்போனதென்று எழுதியிருந்தாய். புவோனா விஸ்தா கோப்பிக்கடையில் உட்கார்ந்து படித்தேன். வாங்கிவைத்த கோப்பி ஆறிப்போனது.

உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறதடா. உன் நெல்லைக் கெடுத்த சாந்தோமோனாஸ் பாக்டீரியாவின் சரக்கை வைத்துத்தான் பயோபோலிஸ் ஆராய்ச்சி வளாகத்தில் என் பிழைப்பு ஓடுகிறது. அது நெல்லின் செல்லுக்குள் டேல் என்ற புரதத்தைச் செலுத்தும். அந்தப் புரதம் டிஎன்ஏவில் தனக்கான முகவரியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்து, 'ஸ்வீட்' வகை ஜீன் ஒன்றைத் தட்டிவிடும். நெல் தன் சர்க்கரையைத் தானே வெளியே கசியவிடும். பாக்டீரியாவுக்கு விருந்து!

முகவரி படிக்கும் வித்தை 2009-இல் பிடிபட்டது. புரதத்தில் 34 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் 12, 13-ஆம் இடங்கள்தான் மாறும். அந்த ஜோடி டிஎன்ஏவின் ஓர் எழுத்தைப் படிக்கும். துண்டுகளை வேண்டிய வரிசையில் கோர்த்தால் மனித ஜீனையும் தேடிப்போகும். அந்தப் புரதத்தின் வாலில் ஹெர்பீஸ் வைரஸிலிருந்து எடுத்த பகுதியை ஒட்டினால் ஜீன் முடுக்கப்படும். நம் உடம்பிலேயே உள்ள கிராப் என்ற பகுதியை ஒட்டினால் அடங்கும். டிஎன்ஏவில் ஒரு கீறல் விழாது. ஜீனை வெட்டி ஒட்டுவதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இந்தப் புரதத்துக்கான டிஎன்ஏவைக் கோர்ப்பதுதான் தலைவலி. துண்டுகள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால், டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறை குழம்பிவிடும். போன வியாழன், டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பட்டை தெரிய வேண்டிய இடத்தில் ஏணிப்படி மாதிரி வரிசையாகப் பட்டைகள். உடன் வேலைபார்க்கும் சீனப் பெண் எட்டிப்பார்த்துவிட்டு, "ஏறிப் போயிடலாம் போல" என்றாள். இந்த ஏணி வந்தால் கோர்வை தப்பென்று அர்த்தமில்லை. அதனால் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க, சீக்வென்ஸ் பண்ண அனுப்பியிருக்கிறேன்.

உனக்குப் பயன்படும் ஒரு விஷயம். சில நெல்லில் அந்த முகவரியே மாறியிருக்கிறது. புரதம் வந்து தேடி ஏமாந்துபோகும். இப்படி மாறிய ஜீனை எக்ஸ்ஏ-13 என்பார்கள். அதையும் வேறு இரண்டு எதிர்ப்பு ஜீன்களையும் சாதாரண இனக்கலப்பில் சேர்த்து ஹைதராபாத்தில் உருவாக்கியதுதான் 'இம்ப்ரூவ்டு சம்பா மசூரி' நெல் ரகம். உங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவருமா என்று வேளாண்மை ஆபீசில் விசாரி. யூரியாவையும் கொஞ்சம் குறைத்துப் போடு. அள்ளிக் கொட்டினால் கருகலுக்குக் கொண்டாட்டம்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே தேக்கா கடைத்தெருவில் அவர்கள் கேட்ட தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். மாசி மாதம் வரும்போது கொண்டுவருகிறேன்.

உன்,
செல்வம்