சைமன்ஸின் கதையை 1988-இல் தொடங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹெட்ஜ் ஃபண்ட், அதாவது பெரும் பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டிச் சந்தையில் வாங்கி விற்கும் நிதியம், நடத்திய ஜிம் சைமன்ஸைப் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணிதத்தில் பெரிதாகச் சாதிக்க முடியாமல் சந்தைக்கு வந்தவர், ஒரு ரகசியச் சூத்திரத்தைக் கண்டுபிடித்துக் கோடீஸ்வரரானவர் என்பது அந்தக் கட்டுரையின் சாரம். அவருடைய மெடாலியன் நிதியம் பிறந்த 1988-இலிருந்தே அது கதையைத் தொடங்குகிறது. அவரிடம் பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் ஆண்டுக்கு 66 சதவீதம் லாபம் பார்த்தார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டுமே தவறு. கணிதம் படிக்கும் பிள்ளைகள் பலர் இன்று அவரை முன்மாதிரியாக வைத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வடிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அவருக்கு ஒரு நிதி நிறுவனம் இருக்கிறது என்பதே எனக்கு வெகுகாலம் தெரியாது. வடிவியல் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு அவர் 'செர்ன்–சைமன்ஸ்' என்ற ஜோடிப் பெயரில் பாதியாகத்தான் அறிமுகமாவார். ஷிங்-ஷென் செர்ன் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய வடிவியலாளர்களில் ஒருவர். அவரோடு சைமன்ஸ் சேர்ந்து எழுதிய கட்டுரை 1974-இல் 'ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்' இதழில் வெளியானது. எழுதியபோது அதற்கு இயற்பியலில் ஒரு பயன் இருக்கும் என்று இருவருமே நினைக்கவில்லை. 1989-இல் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டன் அதை எடுத்து, முடிச்சுகளின் கணிதத்தையும் குவாண்டம் கோட்பாட்டையும் இணைத்துக் காட்டினார். இன்றும் இயற்பியல் ஆய்வுக் கட்டுரைகளில் அந்த ஜோடிப் பெயர் ஓயாமல் வருகிறது.

அதற்கு முன்பே அவர் பெரிய வேலை ஒன்றைச் செய்திருந்தார். ஒரு கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் முக்கி எடுத்தால் ஒரு படலம் உருவாகும் அல்லவா? அந்த வளையத்துக்குள் இருக்கக்கூடிய பரப்புகளில் மிகச் சிறியதாக இருக்க அது முயலும். இப்படிப்பட்ட பரப்புகள் உயர் பரிமாணங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி 1968-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஏழு பரிமாணம் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எட்டில் ஒரு விசித்திரமான கூம்பு தலைகாட்டுகிறது. அதற்குப் பெயரே 'சைமன்ஸ் கூம்பு'. 1976-இல் அமெரிக்கக் கணிதக் கழகம் அவருக்கு ஆஸ்வால்ட் வெப்லன் பரிசு கொடுத்தது. வடிவியலில் அதை வாங்குவது லேசான காரியம் இல்லை. இவரையா கணிதத்தில் சாதிக்காதவர் என்பது?

1938-இல் மாசசூசெட்ஸில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு, 23 வயதில் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கினார். 1964-இல் பிரின்ஸ்டனில் இருந்த பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அமெரிக்க அரசுக்காகச் சங்கேத மொழிகளை உடைக்கும் இடம் அது. அங்கே பாதி நேரம் சங்கேத வேலை, மீதி நேரம் சொந்தக் கணிதம். சம்பளமும் நல்ல சம்பளம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம். நிறுவனத்தின் தலைவரான ஜெனரல் மேக்ஸ்வெல் டெய்லர், போரைத் தொடர வேண்டும் என்று நியூயார்க் டைம்ஸின் இதழில் எழுதினார். சைமன்ஸ் அதே பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார்: இங்கே வேலை செய்கிற எல்லாரும் டெய்லரின் கருத்தோடு உடன்படுகிறவர்கள் இல்லை என்று. அதன்பின் ஒரு செய்தியாளர் கேட்டபோது, போர் முடியும்வரை சொந்தக் கணிதம் மட்டுமே செய்வேன் என்றும் சொன்னார். 1968-இல் வேலை போய்விட்டது. அப்போது அவருக்கு மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் செயல் அந்தக் கடிதம்தான். உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

அப்புறம் 30 வயதில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர் ஆனார். பெயர் தெரியாத துறை அது. நல்ல ஆட்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து அதைத் தூக்கி நிறுத்தினார். அங்கிருந்த இயற்பியலாளர் சி. என். யாங்குக்கும் அவருடைய சகாக்களுக்கும் நார்க்கற்றைகள் என்ற வடிவியல் கருத்தைப் பாடமாக நடத்தினார். அவர்கள் இயற்பியலில் செய்துகொண்டிருந்ததும் வடிவியலாளர்கள் செய்துகொண்டிருந்ததும் ஒன்றுதான் என்பது அதிலிருந்து தெளிவானது. சரியான ஆட்களைச் சேர்த்து, அவர்களை ஒருவரோடு ஒருவர் பேசவைப்பது என்ற திறமை இங்கேதான் வெளிப்பட்டது. பின்னால் நிதி நிறுவனத்தில் அவர் செய்ததும் இதுவே.

1978-இல், 40 வயதில், பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலுவலகம் போட்டார். 1982-இல் அது ரெனைசான்ஸ் டெக்னாலஜிஸ் ஆனது. முதல் பத்து ஆண்டுகள் ரகசியச் சூத்திரம் எதுவும் இல்லை. சங்கேத நிறுவனத்தில் உடனிருந்த லியோனார்ட் பாமை அழைத்துக்கொண்டார். பேச்சைக் கணிப்பொறி புரிந்துகொள்வதற்கு அடிப்படையான 'பாம்–வெல்ச்' முறையில் வரும் பாம் அவர்தான். அப்படிப்பட்டவர்களே நாணயச் சந்தையில் ஊகத்தின் பேரில் வாங்கி விற்று, சில சமயம் அள்ளினார்கள், சில சமயம் பெருமளவில் இழந்தார்கள். ஒரு நாள் தன்னை மேதை என்று நினைக்கவைக்கும், மறுநாள் முட்டாள் என்று நினைக்கவைக்கும் வேலை என்று சைமன்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அலைக்கழிப்பு தாங்காமல்தான் எல்லாவற்றையும் கணிப்பொறியிடம் விடும் முடிவுக்கு வந்தார்.

அதற்குத் தரவு வேண்டும். வட்டி விகிதங்களின் பழைய வரலாறு அப்போது கணிப்பொறியில் இல்லை. நியூயார்க்கின் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு ஆள் அனுப்பி, கையால் எழுதி எடுத்துவரச் செய்தார். சந்தைகளிடமிருந்து பழைய விலைகள் பதிந்த காந்த நாடாக்களை வாங்கினார். சாண்டர் ஸ்ட்ராஸ் என்ற சகா, யாரும் கேட்காமலே, ஆண்டுக்கணக்கில் பழைய விலைப் பட்டியல்களைச் சேர்த்துப் பிழை திருத்திவைத்தார். பிற்காலத்து லாபத்தின் அஸ்திவாரம் இந்த அலுப்பூட்டும் வேலை. ஆனால் இதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

மெடாலியன் என்ற புகழ்பெற்ற நிதியம் 1988-இல்தான் பிறந்தது. சைமன்ஸும் அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் ஆக்ஸும் கணிதத்தில் வாங்கிய பதக்கங்களை வைத்து அந்தப் பெயர். அதுவும் எடுத்த எடுப்பில் ஓடவில்லை. 1989-இல் நஷ்டம் கூடிக்கொண்டே போக, வணிகத்தை நிறுத்திவைத்தார்கள். எல்வின் பெர்லகாம்ப் என்ற பெர்க்லி கணிதப் பேராசிரியர் பொறுப்பெடுத்து, வாங்கியதை நீண்ட நாள் வைத்திருப்பதைக் குறைத்து, சில நாட்களில் வாங்கி விற்கும்படி முறையை மாற்றினார். 1990-இல் கட்டணம் போக 55 சதவீதத்துக்கு மேல் லாபம் வந்தது. 1993-இல் ஐ.பி.எம்.மில் பேச்சறிதல் ஆராய்ச்சியில் இருந்த பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் இருவரையும் சேர்த்தார்கள். பங்கு வணிகம் அவர்கள் கையில்தான் வளர்ந்தது.

சூத்திரம் என்ன என்று என் பழைய மாணவர்கள் கேட்பார்கள். கைக்குள் அடங்கும் ஒரு சமன்பாடு எதுவும் கிடையாது. ஒரு தனி வணிகத்தில் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். அதையே ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத லட்சக்கணக்கான வணிகங்களில், கடன் வாங்கிய பணத்தையும் சேர்த்துச் செய்தால், முயற்சிகள் பெருகப் பெருக முடிவு சராசரியை நெருங்கும் என்ற பெரும் எண்களின் விதி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஏறும் என்று தோன்றுவதை வாங்குவது, இறங்கும் என்று தோன்றுவதைக் கடனாக வாங்கி முன்கூட்டியே விற்றுவைத்து, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பது. இரண்டையும் சமன்செய்துகொண்டால் சந்தை மொத்தமாக எந்தப் பக்கம் போனாலும் ஆட்டம் குறையும். 1949-இல் ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் முதல் ஹெட்ஜ் ஃபண்டைத் தொடங்கியபோது இருந்த எண்ணமே இதுதான். புதிதாக ரெனைசான்ஸ் சேர்த்தது ஒரு பழக்கத்தை. வால் ஸ்ட்ரீட் அனுபவம் உள்ளவர்களை ஒதுக்கி, வானியலாளர்களையும் இயற்பியலாளர்களையும் புள்ளியியல் அறிந்தவர்களையும் சேர்த்தார்கள். ஒருவர் எழுதிய நிரலை மற்ற எல்லாரும் பார்க்கலாம். ஊதியம் நிறுவனத்தின் மொத்த லாபத்தைப் பொறுத்தது. சகாவிடம் எதையும் மறைத்து ஒருவருக்கும் ஆதாயம் இல்லை. பல்கலைக்கழகத் துறைகளில்கூட நான் இவ்வளவு திறந்த மனதைக் கண்டதில்லை.

இனி அந்த 66 சதவீதம். 1988 முதல் 2018 வரை மெடாலியன் ஈட்டிய ஆண்டுச் சராசரி, கட்டணங்களைக் கழிப்பதற்கு முன்பு, ஏறக்குறைய அவ்வளவு என்பது உண்மை. கழித்த பிறகு சுமார் 39. காரணம், நிறுவனம் வாங்கிய கட்டணம்: 2002 முதல் முதலீட்டில் 5 சதவீதம், லாபத்தில் 44 சதவீதம். இன்னும் முக்கியமானது, அது யாருக்குக் கிடைத்தது என்பது. 1993-இலேயே புதிய முதலீட்டாளர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். 2005-க்குள் வெளியார் பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நிதியத்தை ஏறத்தாழ 1,000 கோடி டாலருக்கு மேல் வளரவிடாமல் லாபத்தை அவ்வப்போது வெளியே எடுத்தார்கள். அதைவிடப் பெரிதானால் அவர்கள் வாங்குவதே விலையை ஏற்றிவிடும், கிடைக்கிற சிறு லாபமும் கரைந்துவிடும். ஆக, அது பெரும்பாலும் ஊழியர்களின் பணம். வெளியாருக்காக நடத்திய நிதியங்கள் வேறு. 2020-இல் மெடாலியன் 76 சதவீதம் ஏறியதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டில், அதே நிறுவனம் வெளியாருக்கு நடத்திய பங்கு நிதியம் ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கியது. 'அவரிடம் பணம் கொடுத்தவர்கள் எல்லாரும்' என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இப்படிப்பட்ட ஒரு நிதியம் தனக்கும் கிடைக்கும் என்று ஒருவர் நம்பிவிடக் கூடாது என்பதே என் கவலை.

உங்கள் கட்டுரை தொடாமல் போன வரி விவகாரத்தையும் சொல்ல வேண்டும். நான் மதிக்கும் மனிதர் என்பதற்காக இதை விழுங்கிவிட மனமில்லை. அமெரிக்காவில் ஓராண்டுக்குக் குறைவாக வைத்திருந்து விற்கும் பங்குக்கு வரி அதிகம். அந்தக் காலத்தில் மிக உயர்ந்த விகிதம் 35 சதவீதம். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் 15 சதவீதம். மெடாலியன் வாங்கி விற்றதெல்லாம் சில நாள், சில மணி நேரக் கணக்கு. ஆனால் பங்குகளைப் பெரிய வங்கிகளின் பெயரில் வைத்து, அந்தத் தொகுப்பின் மீது ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்ட கால ஆதாயம் என்று கணக்குக் காட்டினார்கள். 2014-இல் செனட் துணைக்குழு இதை விசாரித்து, சுமார் 680 கோடி டாலர் வரி தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. சட்டப்படி சரியானதே என்று நிறுவனம் வாதாடியது. கடைசியில் 2021-இல் வரித்துறையோடு சமரசம் செய்துகொண்டார்கள். வட்டியும் அபராதமும் சேர்த்து ஏறத்தாழ 700 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. அதற்கு மேல் 67 கோடி டாலரைச் சைமன்ஸ் தனியாகச் செலுத்த ஒப்புக்கொண்டார். போருக்கு எதிராக எழுதி வேலையை இழந்த மனிதர் இந்த ஏற்பாட்டுக்கு ஏன் இடம் கொடுத்தார் என்று எனக்கு இன்றும் வருத்தம். கொடை கொடுத்தார் என்பது இதற்குப் பதில் ஆகாது. எந்தக் கல்விக்கு எவ்வளவு என்று மக்கள் சார்பில் அரசு முடிவு செய்ய வேண்டிய பணம் அது.

கொடை பெரிய கொடைதான், அதில் சந்தேகமே இல்லை. 1994-இல் மனைவி மேரிலினோடு சேர்ந்து தொடங்கிய சைமன்ஸ் அறக்கட்டளை கணிதத்துக்கும் அடிப்படை அறிவியலுக்கும் தொடர்ந்து பணம் கொடுக்கிறது. 2023-இல் ஸ்டோனி புரூக்குக்கு மட்டும் 50 கோடி டாலர். ஆய்வுக் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க உதவும் ஆர்க்கைவ் தளத்துக்கும் அந்த அறக்கட்டளை துணை நிற்கிறது; நானும் அதனால் பயன்பெற்றவள். அவருடைய வாழ்வில் துயரமும் குறைவில்லை. 1996-இல் மகன் பால் சைக்கிளில் போகும்போது விபத்தில் இறந்தார். 2003-இல் இன்னொரு மகன் நிக்கலஸ் இந்தோனேசியாவின் பாலித் தீவில் கடலில் மூழ்கி இறந்தார். அதற்குப் பிறகு அவர் ஆறுதல் தேடிப் போனது வடிவியலிடம். கணிதவியலாளர் டென்னிஸ் சல்லிவனோடு சேர்ந்து, 70 வயதில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 2024 மே 10 அன்று 86 வயதில் இறந்தபோது அவருடைய சொத்து 3,000 கோடி டாலருக்கு மேல் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. சல்லிவனோடு செய்த கணிதத்தைப் பற்றி ஏதாவது ஒரு நாளிதழ் எழுதியதா என்று தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை.

2004-இல் அவர் நியூயார்க்கில் தொடங்கிய 'மேத் ஃபார் அமெரிக்கா' திட்டத்தைப் பற்றி நீங்கள் தனியாகவே எழுதலாம். அரசுப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, நான்கு ஆண்டுகளுக்குச் சம்பளத்துக்கு மேல் உதவித்தொகை கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை: வகுப்பறையை விட்டுப் போகக் கூடாது. கணிதம் நன்றாகத் தெரிந்தவர்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்ளும் தொழில்களில் ஒன்றை நடத்தியவரே, பள்ளிகளுக்கு அதனால் என்ன இழப்பு என்று உணர்ந்து செய்த காரியம் இது. என்னிடம் படித்த மிகத் திறமையான பிள்ளைகளில் சிலர் ஆராய்ச்சியை விட்டுவிட்டு நிதி நிறுவனங்களுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் விட்டுப்போன இடத்துக்கு யார் வருவார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வெப்லன் பரிசு வாங்கியவரைக் கணிதத்தில் சாதிக்காதவர் என்று எழுதியதையும், 66 சதவீதம் எல்லா முதலீட்டாளருக்கும் கிடைத்தது என்று எழுதியதையும் திருத்தி, கட்டுரை வந்த அதே வணிகப் பக்கத்தில் வெளியிடுங்கள். மாணவர் பகுதியில் செர்ன்–சைமன்ஸ் பற்றி ஒரு கட்டுரைக்கு இடம் ஒதுக்குங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை ஒருவர்