அம்மாவின்ர கல்வெட்டு பற்றி

அன்பு சிவா,

அம்மாவின்ர நினைவாக அடிக்கப்போற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நீ அனுப்பின பிரதியை வாசிச்சன். போனில் சொன்னால் பாதியில் "சரி மச்சான், சரி மச்சான்" எண்டு வைச்சிடுவாய், அதுதான் எழுதுறன். இங்க எல்லாரும் சுகம். கிளியக்கா விளக்கை அணையவிடாமல் பார்க்கிறா. 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குக் காலமை வெள்ளனவே வரச்சொல்லி ஐயர் சொல்லிப்போட்டார். அந்த ஒழுங்குகளைப் பற்றி யோசிக்காதை.

யோசிக்கவேண்டியது புத்தகத்தைப் பற்றி. அதுக்குள்ள அம்மா இல்லை, மச்சான். "இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும்" எண்டு மரண அறிவித்தலை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறாய். பேரப்பிள்ளைகள் புலம்பலில் பெயர்களை மாத்தினால் பக்கத்து வீட்டு ஆச்சிக்கும் பொருந்தும். பெரியண்ணன்ர பெயர் ரெண்டு இடத்தில், சின்னக்காவின்ர மனுசன்ர பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அச்சாகி வந்தால் அவ உன்னோட எத்தினை வருசம் கதைக்கமாட்டா எண்டு உனக்கே தெரியும்.

முதலில், அம்மா போன திதியைச் சொல்லுற பாட்டை, திதி வெண்பாவைத் திருத்து. நாலு அடிக்குள் வருசம், மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ எண்ட பக்கம், திதி எல்லாம் பிழையில்லாமல் நிக்கவேணும், ஏனெண்டால் பிள்ளையள் பிறகு திவசத்துக்கு அதைத்தான் எடுத்துப் பாப்பினம். திதி நடுச்சாமத்தில் மாறிறதில்லை, பகலிலோ இரவிலோ எந்த நேரத்திலும் மாறும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணித்தியால வித்தியாசமும் வரும். அம்மா போனது தசமி முடியிற தறுவாயில். நீ ஒண்டைப் பார்த்து ஐயர் மற்றதைப் பார்த்தால், வெண்பாவில் தசமி, திவசம் ஏகாதசியில் எண்டு வந்து நிக்கும். உங்கட வீட்டில் எப்பவும் வாக்கியம்தான். பாட்டு எழுதுறவரிட்டை இங்கிலிஷ் திகதியை மட்டும் குடுக்காமல், உயிர் போன நேரத்தையும் குடு.

படங்கள். 1995 ஒக்டோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வோட அல்பங்கள் போயிட்டுது. மிஞ்சினது அடையாள அட்டைப் படமும், சுவரில் மாட்டியிருக்கிற கலியாணப் படமும்தான். கலியாணப் படம் கண்ணாடியோட ஒட்டிப்போய்க் கிடக்கு. ஆரும் அதை உரிக்கவேண்டாம், உரிச்சால் மேல்படலம் கண்ணாடியோட போயிடும். கண்ணாடியைத் துடைச்சு, அப்படியே வைச்சு ஸ்கேன் பண்ணலாம். அடையாள அட்டைப் படம் சின்னன், 1200 டிபிஐயில் எடுத்தால்தான் பெருப்பிக்கலாம். நீங்கள் அங்க வைச்சிருக்கிற படங்களை வாட்சப்பில் சும்மா அனுப்பாதேங்கோ, அது சுருக்கிப்போடும். டொக்கியுமெண்டாக அனுப்புங்கோ.

இனி முக்கியமான விசயம். கிளியக்காவிட்டை அம்மாவின்ர நீல மட்டைக் கொப்பி இருக்கு. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, நடுவில் சமையல். தூள் இடிக்கிற பக்கத்தைப் புத்தகத்தில் போடவேணும்: செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், மிளகும் நற்சீரகமும் 100 கிராம் படி, வெந்தயம் 50, மஞ்சள் 50, கறிவேப்பிலை ரெண்டு பிடி. பக்கத்தில் சின்ன எழுத்தில் "வெந்தயம் கடைசியாக, நிறம் மாறினதும் இறக்கு" எண்டு எழுதி, கீழ ரெண்டு கோடு இழுத்திருக்கிறா. அதுதான் அம்மா. எல்லாத்தையும் ஒண்டாகப் போட்டு வறுத்தால் மல்லி வறுபட முதலே வெந்தயம் கருகி, தூள் முழுக்கக் கைக்கும். அரைச்சு வந்த தூளைப் பேப்பரில் பரப்பிச் சூடு ஆறவிடாமல் போத்தலில் அடைச்சால் வேர்த்துக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும், அதையும் எழுதியிருக்கிறா. இதைத் தட்டச்சு செய்யவேண்டாம், அவவின்ர கையெழுத்திலேயே வரட்டும். பென்சில் எழுத்து எண்டபடியால் கலரில் ஸ்கேன் பண்ணவேணும், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மெல்லிய கோடுகள் காணாமல் போயிடும். புலம்பலில் ரெண்டு பக்கத்தைக் குறைச்சால் இடம் வரும். சிவபுராணத்தைக் குறைக்காதை, அது அவ நாளாந்தம் படிச்சது.

அச்சகத்தில் பாமினி எண்ட பழைய எழுத்துருவில்தான் வேலை. யுனிகோட்டில் குடுத்தால் மாத்தேக்க எழுத்துகளின்ர கொம்பும் அரவும் இடம் மாறும். அதனால ரெண்டு புரூஃப் பாக்கவேணும், ரெண்டாவதைக் கட்டாயம் ஊர்ப்பெயர், ஆட்பெயர் தெரிஞ்ச ஒராள் பாக்கவேணும். நான் பாக்கிறன். பக்கம் நாலின் பெருக்கமாக வரட்டும், 32 போதும். ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்கும் குடுப்பம், நினைவு மலர்களையும் அவை மின்னூலாக்கிச் சேர்க்கினம். 1981இல் யாழ் பொது நூலகத்தையே எரியக் குடுத்த ஊரில், ஒரு குடும்பத்தின்ர விபரம் ஒரு வீட்டு அலுமாரியில் மட்டும் கிடக்கக்கூடாது.

சிவா, இவ்வளவு நாளும் அப்பாவுக்கு ஆடி அமாவாசை விரதம் மட்டும் பிடிச்சாய். இனி அம்மாவுக்குச் சித்திரா பௌர்ணமியும் இருக்கு. அதை எழுதேக்க எனக்கே கை ஓடேல்லை.

31ஆம் நாளுக்குப் புத்தகம் கையில் இருக்கவேணுமெண்டால் இருபதாம் நாளுக்கு முன்னம் எல்லாம் அச்சகத்துக்குப் போகவேணும். சின்னக்காவிட்டைக் கேட்டுத் திருத்தின பெயர்ப் பட்டியலைப் புதன்கிழமைக்கிடையில் அனுப்பு. கொப்பியை நானே போய் வாங்கி ஸ்கேன் பண்ணுறன்.

அன்புடன்,
குமார்