மூணுபுள்ளிக்காரனை மட்டும் வாங்காதே

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் பிந்தினதுக்குக் காரணம் என் மூட்டுவலி இல்லை, உன் கேள்விதான். "தொட்டி ரெடி, உப்புத்தண்ணி ரெடி, பேரன் கலர் கலரா மீன் கேக்கான், எதெல்லாம் வாங்கட்டும்?" என்று ரெண்டு வரியில் முடித்துவிட்டாய். நானும் ரெண்டு வரியில் பதில் சொன்னால் நான் பட்ட பாட்டை நீயும் படுவாய்.

என் முதல் தொட்டி உனக்கு நினைவிருக்கும். அன்றைக்குக் கடைக்காரர் "இது சாகவே சாகாது சார், முதல்ல இதை விடுங்க" என்று ஒரு டாம்செல் மீனைப் பையில் கட்டிக் கொடுத்தார். கட்டைவிரல் நகம் அளவுதான். கறுப்பு உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, பக்கத்துக்கு ஒன்று, ஆக மூணு புள்ளி. அவர் சொன்னது பொய் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் அடித்து நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குவளையால் தண்ணீரைக் கோரிக் கோரி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன், காற்று கலக்கட்டும் என்று. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மிதந்தது. இவன் மட்டும் மூலையில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடிப் பிழைத்துக்கொண்டான். அன்றைக்கு அவன்மேல் எனக்கு மரியாதையே வந்தது.

அப்புறம்தான் வினை. தொட்டி முழுக்கத் தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்டான். ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கி விட்டேன். விரல் நீளம் இருக்கும், முன்பாதி வெள்ளை, வால் பக்கம் செக்கச்செவேல், முதுகில் ஒரு நீளக் கம்பி, அதை ஆட்டி ஆட்டி நிற்கும். பயந்த சுபாவம். மூணுபுள்ளிக்காரன் அதைப் பாறைக்குள் ஒதுங்கவும் விடவில்லை, வெளியே வந்து தின்னவும் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆளைக் காணோம். பாறையைக் கிளறினேன், ஃபில்டரைக் கழற்றினேன், இல்லை. ரெண்டு நாள் கழித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பெருக்கும்போது கிடைத்தது, நெத்தோலிக் கருவாடு மாதிரி காய்ந்து, அந்த முதுகுக் கம்பி மட்டும் அப்படியே விறைத்து நின்றது. வீட்டுக்காரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ரூபாய்க்கு இந்தக் கருவாடா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை.

மூணுபுள்ளிக்காரனை வெளியே எடுக்கவும் லேசில் முடியவில்லை. வலையைக் கண்டால் பாறை இடுக்கில் போய்விடுவான். கடைசியில் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, தலைகீழாகத் திருப்பிச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்துதான் பிடித்தேன்.

அதனால் நீ அழகைப் பார்த்து வாங்காதே, ஆயுசைப் பார்த்தும் வாங்காதே, சுபாவத்தைக் கேட்டு வாங்கு. அதைவிட முக்கியம், யாரை முதலில் விடுகிறாய் என்பது. கடல்மீனில் முதலில் குடியேறினவன்தான் வீட்டுக்காரன், பின்னால் வருகிறவன் எல்லாம் ஒண்டிக்குடித்தனம். ஆகவே சாதுவை முதலில் விடு, கொஞ்சம் முரடனைக் கடைசியில்.

உன் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று எழுதியிருக்கிறாய். கணக்குக்கு 250 லிட்டர், மணலும் பாறையும் போக 200 என்று வை. அதற்கு ஆறேழு சின்ன மீன் தாராளம். முதலில் ஃபயர்ஃபிஷ் ஒன்று, அதோடு மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று. கோபி வேறு ஒன்றும் இல்லை, நம்ம உளுவைச் சாதிதான். அதற்குத் துணையாக பிஸ்டல் இறால் ஒன்று வாங்கிவிடு, இதற்காகவே நீ தொட்டி வைக்கலாம். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் குழி தோண்டுவதில் கெட்டிக்காரன். உளுவை வாசலில் காவல் நிற்கும். இறால் மணலை அள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை உளுவையின் உடம்பில் வைத்தபடியே வரும். ஏதாவது நிழல் ஆடினால் உளுவை வாலை ஒரு வெட்டு வெட்டும், ரெண்டும் நொடியில் உள்ளே. நான் சாயங்காலச் சாயாவை ஆறவைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒன்று மட்டும் கவனி, பாறையை மணல்மேல் வைக்காதே, அடிக்கண்ணாடியில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் மணலைப் போடு. இல்லாவிட்டால் இவன் தோண்டுகிற தோண்டலில் பாறை சரிந்துவிடும்.

அடுத்து பங்காய் கார்டினல். வெள்ளியில் கறுப்புப் பட்டை போட்ட மாதிரி இருக்கும், சுலவேசிப் பக்கத்துத் தீவு மீன், பகலெல்லாம் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். ஜோடி என்று உறுதியாகத் தெரிந்தால் ரெண்டு, தெரியாவிட்டால் ஒன்று போதும். கூட்டமாக விட்டால் ஒன்றை ஒன்று ஒழித்துக் கடைசியில் ரெண்டுதான் மிஞ்சும். முட்டையை ஆண்தான் வாயில் வைத்து வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். மைனியிடம் இதைச் சொல், சந்தோஷப்படுவாள்.

கோமாளி மீன் கடைசியில். பேரன் முதலில் அதைத்தான் கேட்பான், தெரியும், ஆனால் அதுவும் டாம்செல் குடும்பம்தான், முகத்தில் காட்டாது. சின்னதாக ரெண்டு வாங்கு, அளவில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கட்டும். பிறக்கும்போது எல்லாம் ஆண், பெரியது தானே பெண்ணாக மாறிவிடும், சண்டை இருக்காது. மூன்றாவது ஒன்று வேண்டவே வேண்டாம். கடலில் அது ஒண்டியிருக்கிற கடல் தாமரை (அனிமோன்) இல்லாமலும் நன்றாக வாழும். தொட்டியில் பொரித்து வளர்த்த குஞ்சாகக் கேட்டு வாங்கு, தீனிக்கு அடம் பிடிக்காது.

அந்த நீல சர்ஜன் மீனை மட்டும் பேரன் அழுதாலும் வாங்காதே. கடையில் ரெண்டு விரல் அளவு இருக்கும், வளர்ந்தால் ஒரு அடி. மாண்டரின் மீனும் வேண்டாம். பட்டுச்சேலை மாதிரி இருக்கும், ஆனால் பாறையில் இருக்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிர்களைத்தான் நாளெல்லாம் பொறுக்கித் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினியில் செத்துப்போகும். அப்புறம் ட்ரிக்கர் என்று ஒன்றைக் காட்டுவார்கள். சிரித்துவிடாதே, குளச்சலில் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்களே கிளாத்தி, அதேதான். தோலை உரிக்க அரிவாளோடு மல்லுக்கு நிற்கிற அந்தக் கிளாத்தியை நீ கண்ணாடிக்குள் வைத்துக் கும்பிட்டால் அது முதலில் உன் இறாலைத்தான் தின்னும்.

வலையில் வந்த கடல்குதிரை, பவளக்கல் என்று யாராவது கொண்டுவந்து தந்தாலும் வாங்காதே. 2001 முதல் ரெண்டும் வனவிலங்குச் சட்டத்தில் இருக்கிறது. பாறைக்குச் செயற்கைக் கல்லே போதும்.

"தண்ணி ரெடி" என்றாயே, ரெடி ஆகியிருக்காது. அம்மோனியா ஏறி, அது நைட்ரைட் ஆகி, நைட்ரேட் ஆகி, முதல் ரெண்டும் சுத்தமாக இறங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிரு. உப்பு, அடர்த்தி பார்க்கிற மானியில் 1.025-ல் நிற்கட்டும். கரையிலிருந்து கேனில் பிடித்து வரலாம் என்று நினைத்தால், மழைக்காலத்தில் ஆற்று முகத்துப் பக்கம் போகாதே, பாதி உப்பில்லாத ஆற்றுத் தண்ணீர்தான் கிடைக்கும். ஒரு தவணை மீன் விட்டால் அடுத்ததற்கு ரெண்டு மூன்று வாரம் இடைவெளி. முடிந்தால் வேறொரு சின்னத் தொட்டியில் நாலு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு விடு, வெள்ளைப்புள்ளி நோய் ஒன்றோடு வந்தால் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்.

இந்த ஆறு வாரம் பேரன் சும்மா இருக்க மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப் போவோம், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் இருக்கிறது, மார்த்தாண்டத்திலிருந்து உனக்குப் பக்கம்தான். நான் காலை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் தொட்டியின் மேல்வாயை டேப் வைத்து அளந்து எழுது. நல்ல கண்ணி வலை வாங்கிச் சட்டம் அடித்து மூடியாகக் கொண்டுவருகிறேன், மைனி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பெருக்குகிற நிலைமை வரக்கூடாது.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி,
நாகர்கோவில்