படத்தில் வராத குழாய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவால் மூடியிருந்த கல்லூரிகள் 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி திறந்ததை ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த படத்தைப் பார்த்தேன். வாயிலில் ஒரு மாணவியின் நெற்றிக்கு நேரே வெப்பமானி, பக்கத்தில் சானிடைசர். கீழே ‘முழுப் பாதுகாப்புடன்’ என்று ஒரு வரி. அந்த ‘முழு’ இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நானும் ஓர் அரசுக் கல்லூரி வாயிலில் அதே வெப்பமானியைப் பிடித்து நின்றவள்தான். வெயிலில் நிற்கும் வேலை என்றால் நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளர்களைத் தவிர வேறு யார்? எங்கள் கருவி பெரும்பாலானவர்களுக்கு 94 காட்டியது. ஃபாரன்ஹீட்டில் 95-க்குக் கீழே போனால் ஆபத்து என்கிறது மருத்துவம். அந்தக் கணக்கில் பாதிக் கல்லூரியை ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்க வேண்டும். பதிவேட்டில் 97.6 என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். நூறு பேருக்குப் பிறகு கருவியைப் பார்க்கவே இல்லை. காய்ச்சல் இல்லாமலும் தொற்று இருக்கும், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தால் இருக்கிற காய்ச்சலும் தெரியாது என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

சானிடைசர் தாங்கியின் மிதி மூன்றாம் நாளே உடைந்தது. அதன்பின் அத்தனை பேரும் ஒரே மூடியைக் கையால் அழுத்தினோம். அடுத்த வாரம் வாசனையும் போயிற்று. எந்தப் புண்ணியவான் தண்ணீர் கலந்தாரோ.

கிருமி காற்றில் பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2021 ஏப்ரல் கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டது. எங்கள் வகுப்பறை ஜன்னல்களோ ஆணி அடித்து மூடியபடி இருக்கின்றன. குரங்குத் தொல்லைக்காக எப்போதோ அடித்தது. குரங்குகள் ஊரைவிட்டே போய்விட்டன, ஆணி போகவில்லை. பெஞ்சுகளில் மட்டும் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி! அந்தக் குறிக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி உட்காரும் பிள்ளைகள், காலையில் டவுன் பஸ் படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் தொங்கி வந்தவர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. அத்தனை வசதியுள்ள இடத்துக்கே அந்தக் கதி.

கழிப்பறைச் சுவரில் ‘20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்’ என்று வண்ணச் சுவரொட்டி. கீழே குழாயைத் திருகினால் ‘புஸ்’ஸென்று காற்று. இது கொரோனா கொண்டுவந்த வறட்சி அல்ல. 1998-ல் இதே கல்லூரியில் நான் படித்தபோதும், கழிப்பறைக்குப் பயந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள்தாம் நாங்கள். இன்று என் மாணவிகளும் குடிப்பதில்லை. பார்வையிட வந்த அதிகாரி, பெண்கள் முகக்கவசத்தை இறக்குவதே இல்லை என்று மெச்சிவிட்டுப் போனார்.

எங்களுக்கு ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம்தான். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. அது இங்கே எதற்கு என்கிறீர்களா? அந்த வெப்பமானிக்கு பேட்டரி வாங்கிப் போட்டவள் நான்.

உயர்கல்வித் துறையிடம் நான் கேட்பது ஆணி பிடுங்க ஓர் ஆள், குழாயில் தண்ணீர், அவ்வளவே. தங்களிடம் கேட்பது அதனினும் சிறிது. அடுத்த முறை புகைப்படக்காரரை வாயிலோடு திருப்பி அனுப்பாமல், பதினொரு மணி இடைவேளையில் பெண்கள் கழிப்பறைப் பக்கம் வரச் சொல்லுங்கள். கை கழுவத் தண்ணீரை அவரே கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்

(ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் கையேந்துபவள். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)